திரைக்கதைக்கு முன் கசெற்றுகள்

கேள்வி: எங்கள் பகுதியில் புகழோடு வாழ்ந்து மறைந்த தவில் வித்துவான் ஒருவரின் வாழ்க்கையை முழுநீளப் படமாக்க விரும்புகிறோம். வன்னிக் கோயில்களில் அவர் வாசித்த சில கசெற்றுகளே எஞ்சியுள்ளன. எதிலிருந்து தொடங்குவது? அவற்றைப் படத்தில் சேர்க்க அனுமதி வேண்டுமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: திரைக்கதையில் கைவைக்கும் முன் அந்தக் கசெற்றுகளைக் காப்பாற்றுங்கள். 2009 வரையான இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளின் ஒலிப்பதிவுகள் அழிந்துபோன மண்ணில், அவர் எப்படி வாசித்தார் என்பதற்கு இனி அவைதான் சாட்சி. நாடாவில் வெண்மையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். அது கருவியில் ஒட்டி, அடுத்து ஓடும் நாடாவையும் பிடித்துக்கொள்ளும். அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு துப்புரவாக்கி, 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் கணினிக்கு மாற்றி, பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

உரிமையைப் பொறுத்தவரை, உருப்படியும் (இயற்றப்பட்ட பாடல்) வாசிப்பும் ஒலிப்பதிவும் தனித்தனியானவை. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனைகளுக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் மேளச்சமாவில் (நாதஸ்வர, தவில் கச்சேரி) சினிமாப் பாடல் வாசித்திருந்தால், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, அதை இயற்றியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை தொடரும். வாசித்த கலைஞரின் உரிமை 50 ஆண்டுகள். 1980இல் பதிவான கச்சேரி 2030 முடியும்வரை பாதுகாக்கப்படும். ஆகவே வித்துவானின் குடும்பத்தார், உடன் வாசித்த நாதஸ்வரக் கலைஞர், பதிவு செய்தவர் ஆகியோரிடம் எழுத்தில் சம்மதம் பெறுங்கள்.

நடிகரைத் தேடும்போது முகச்சாயலை விடக் கையைப் பாருங்கள். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து வாசிக்கும் கருவி இது. கையசைவு ஒலியோடு பொருந்தாவிட்டால், திருவிழாக்களில் விடியவிடிய தவில் கேட்டு வளர்ந்த நம்மவர்கள் முதற்காட்சியிலேயே பிடித்துவிடுவார்கள். அண்மைக் காட்சிகளில் வித்துவானின் சீடர் ஒருவரின் கைகளைப் படமாக்குவதே சிறந்தது, ஏனெனில் குருவின் விரற்பழக்கம் அங்கே இன்னும் இருக்கும்.

அவருடைய துன்பங்களைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எனினும் போர்க்காட்சிகளை அடுக்கினால் படம் போரைப் பற்றியதாகிவிடும், கலைஞர் மறைந்துவிடுவார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அந்தப் பலாமரத் தவிலை யார் சுமந்தார், மழையில் தோல் தளர்ந்தபோது என்ன செய்தார், கோயில்கள் பூட்டிக் கிடந்த மாதங்களில் வீட்டில் எப்படி அடுப்பெரிந்தது என்று உடன் வாசித்தவர்களிடமும் துணைவியாரிடமும் கேளுங்கள். மதுவோ கடனோ குறுக்கிட்டால், அந்தப் பக்கங்களைக் குடும்பத்தாருக்குப் படப்பிடிப்புக்கு முன்பே வாசித்துக் காட்டுங்கள்.