நாட்பட்ட லைம் நோய்: குளிசையை நீட்டினால் தீருமா?

கேள்வி இதுதான்: "லைம் நோய்க்கு மருந்து எடுத்து முடித்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் உடம்பு நோவும் களைப்பும் போகாதவர்களுக்கு என்ன சிகிச்சை இருக்கிறது? மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் எடுத்தால் குணமாகுமா?"

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குணமாகாது. முறையாகச் செய்த ஆய்வுகள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. முன்பாதிக்கான பதில்தான் நீளம், ஏனென்றால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

நான் மட்டக்களப்பில் மருந்தாளராக வேலை செய்கிறேன், டொக்டர் இல்லை. லைம் எங்கள் பக்கத்து நோயும் இல்லை. பெரியம்மாவின் மகள், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா, இந்த நோயோடு ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய மருந்துப் பையும் ரிப்போர்ட் கட்டும் என் மேசைக்கு வந்து சேர்ந்ததால் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

லைம், பொரேலியா என்ற பக்டீரியாவால் வருவது. மானிலும் எலியிலும் இரத்தம் குடிக்கும் ஒரு வகை உண்ணி கடித்துப் பரவுகிறது. 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பல பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியபோதுதான் இது கவனத்துக்கு வந்தது. 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் வயிற்றுக்குள் கிருமியைக் கண்டார். ஸ்காபரோவுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகும் ரூஜ் பள்ளத்தாக்கில் இந்த உண்ணி இருக்கிறது. அக்காவுக்கும் அங்கேதான் கடித்திருக்க வேண்டும். கடித்தது தெரியாது. காலில் வந்த தடிப்பை அடிபட்ட கண்டல் என்று நினைத்து விட்டுவிட்டார். புத்தகங்களில் போடும் படங்கள் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையம் வளையமாக இருக்கும். நம் தோலில் அந்தச் சிவப்பு மங்கலாக, சில நேரம் கருநீலமாகத்தான் தெரியும். நடுவில் புள்ளி, சுற்றி வளையம் என்ற அந்தப் பிரபலமான தோற்றம் வெள்ளைக்காரருக்கே எல்லோருக்கும் வருவதில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் உறவுகளுக்கு இதை மட்டுமாவது சொல்லி வையுங்கள்: உண்ணி உள்ள இடத்துக்குப் போய்வந்து, நாளுக்கு நாள் பெருக்கும் ஒரு தடிப்பு வந்தால் அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், காட்டிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் 100 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை, 10 நாளிலேயே காரியம் முடிந்துவிடும்.

இனி "நாட்பட்ட லைம்". இந்த ஒரு பெயருக்குள் மூன்று விதமான ஆட்கள் நிற்கிறார்கள், குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. சிலருக்கு ஆரம்பத்தில் சிகிச்சையே கிடைக்காமல் நோய் மூட்டுக்கோ நரம்புக்கோ போயிருக்கும். அவர்களுக்கு உடம்பில் கிருமி இருக்கிறது, அன்டிபயோட்டிக் வேண்டும், வேலையும் செய்யும். இன்னும் சிலர் முறையாக மருந்து எடுத்து முடித்தவர்கள், ஆனாலும் ஆறு மாதம் கடந்தும் களைப்பு, உடம்பு நோ, ஞாபகம் தடுமாறுவது என்று அவதிப்படுவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிகிச்சை பெற்றவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இப்படி ஆகிறது என்கிறது. அக்கா இந்த வகை. மூன்றாவது கூட்டத்துக்கு லைம் வந்ததற்கே ஆதாரம் இருக்காது. யாரோ ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார், அதற்குப் பின்னால் தைரொயிட், லூபஸ், தூக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு என்று வேறொன்று கவனிக்கப்படாமல் இருக்கும். ஆகவே சிகிச்சையைப் பற்றிப் பேசுமுன் நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகையினருக்கு.

அக்கா வந்த முதல் வாரமே கேட்டது இதைத்தான்: "தம்பி, உன்ட பாமசியில இருக்குதானே, இன்னும் ரெண்டு மாதம் குளிசை போட்டுப் பார்ப்பமோ?" இந்த ஆசை நியாயமானது. முதல் தடவை மருந்து எடுத்தபோது கொஞ்சம் சுகம் தெரிந்தது, நீட்டினால் மிச்சமும் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆய்வு செய்தவர்களும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினார்கள். 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 129 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஒரு மாதம் செஃப்ட்ரையக்சோன் என்ற அன்டிபயோட்டிக்கை நாளத்தில் ஏற்றி, பிறகு இரண்டு மாதம் டொக்சிசைக்கிளின் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு மருந்தில்லாத போலி ஊசி, போலிக் குளிசை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பேர் தேறினார்கள், ஒரே அளவு பேர் மோசமானார்கள். 2003இல் இன்னொரு ஆய்வில் களைப்பு மட்டும் ஓரளவு குறைந்தது, மூளைத் தெளிவில் மாற்றமில்லை. 2008இல் பத்து வாரம் ஏற்றிப் பார்த்தார்கள். ஞாபகசக்தி கொஞ்சம் கூடியது, மருந்தை நிறுத்திச் சில மாதங்களில் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. 2016இல் நெதர்லாந்தில் 280 பேரோடு நடந்த ஆய்வில் எல்லோருக்கும் இரண்டு வாரம் ஊசி. அதற்குப் பின் பன்னிரண்டு வாரம் இரண்டு விதமான அன்டிபயோட்டிக் அல்லது போலிக் குளிசை. மூன்று குழுவும் கொஞ்சம் தேறியது, போலிக் குளிசை எடுத்தவர்கள் உட்பட.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் போலிக் குளிசைக் கூட்டம்தான். ஒன்றும் எடுக்காமலும் பலர் மெல்ல மெல்லத் தேறுகிறார்கள். "நான் ஆறு மாதம் அன்டிபயோட்டிக் எடுத்தேன், சுகமானேன்" என்று ஒருவர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் மருந்தல்ல, கடந்துபோன அந்த ஆறு மாதமே அவரைச் சுகமாக்கியிருக்கலாம். போதாததற்கு டொக்சிசைக்கிளினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு, எடுக்கும்வரை மூட்டு இதமாக இருக்கும்.

அக்காவிடம் கனடா எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தனியார் கிளினிக் ஒன்றின் மதிப்பீட்டுத் தாள் இருந்தது. மாதக்கணக்கில் நாளத்தில் ஊசி, அதோடு விட்டமின் சேலைன், ஓசோன், உயர் அழுத்த ஒட்சிசன் அறை. தொகையைச் சொல்ல மாட்டேன், எங்கள் பக்கத்தில் வளவோடு வீடு வாங்கலாம். இந்தப் பட்டியலில் எதற்கும் லைமில் வேலை செய்யும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. பிஸ்மத் என்ற உலோகத்தை ஊசியாக ஏற்றும் ஒரு "சிகிச்சை"யால் ஒருவர் இறந்து, 2006இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே விட்டது. அன்டிபயோட்டிக்கும் நீண்டகாலம் நாளத்தில் ஏற்றினால் சாதுவானதல்ல. மாதக்கணக்கில் உடம்பில் செருகியிருக்கும் குழாய் வழியே இரத்தத்தில் கிருமி ஏறும், பித்தப்பையில் படிவு சேரும், குடலில் கெட்ட கிருமி பெருகிக் கடும் வயிற்றோட்டம் வரும். இப்படி நாட்பட்ட லைமுக்கென்று சிகிச்சை பெற்று ஆபத்துக்குள்ளான ஐந்து பேரின் கதையை நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்டது. அதில் மரணமும் உண்டு.

சரி, கிருமி இல்லையென்றால் நோ எங்கிருந்து வருகிறது? 2006 கடைசியில் சிக்குன்குனியா எங்கள் ஊரையும் கல்முனையையும் போட்டு அடித்தது ஞாபகமிருக்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுகம். காய்ச்சல் ஒரு கிழமையில் போனது, ஆனால் பலர் மாதக்கணக்கில் காலையில் கட்டிலை விட்டு எழும்பக் கால் ஊன்ற முடியாமல் இருந்தார்கள். வந்தது போய்விட்டாலும் அது கிளப்பிவிட்ட எதிர்ப்பு சக்தி அடங்க நாள் எடுக்கிறது. அது வைரஸ், இது பக்டீரியா என்றாலும் இந்த இடத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. லைமால் வீங்கிய மூட்டு நீரில், சிகிச்சைக்குப் பிறகும் செத்த கிருமியின் சுவர்த் துண்டுகள் கிடப்பதை 2019இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிருமி செத்துப் போயும் குப்பை கிடந்து அழற்சியைத் தூண்டுகிறது.

இதனால்தான் முழங்கால் வீக்கம் மட்டும் விடாமல் இருப்பவர்களுக்கு வழி வேறு. முதலில் 28 நாள் குளிசை. குறையவில்லையென்றால் இன்னொரு சுற்று, சிலருக்கு நாளத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் செஃப்ட்ரையக்சோன். அதற்கும் அடங்காவிட்டால் அன்டிபயோட்டிக்கை நிறுத்திவிட்டு வாத நோய் நிபுணரிடம் போக வேண்டும். அழற்சி மருந்து, மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி, மெதோட்ரெக்சேட் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து என்று முடக்குவாதத்துக்குச் செய்வதைப் போலவே செய்வார்கள். பெரும்பாலும் கேட்கும்.

களைப்புக்குத்தான் தனி மருந்து கிடையாது. அக்கா ஊருக்கு வந்தது கச்சான் காற்று அடிக்கும் காலத்தில். அந்த வெக்கையில் நல்ல சுகதேகியே சோர்ந்து போவான். மாமாங்கத் திருவிழாவுக்கு ஆசையாகப் போய், வெயிலில் நின்று, வந்த சொந்தக்காரர் எல்லோரோடும் கதைத்துவிட்டு வந்தவர் அடுத்த சில நாள் படுக்கைதான். உழைப்புக்கு மறுநாள் இப்படி அடித்துப் போடும் வகைக் களைப்பு உள்ளவர்களை "நடை, ஓடு, பழகிவிடும்" என்று உந்தக் கூடாது. உடம்பில் இருக்கும் பலத்துக்கு உள்ளேயே நாளைப் பிரித்துச் செலவழிக்கப் பழக வேண்டும். அக்கா சமையலை உட்கார்ந்து செய்தார், குளிப்பையும் துணி துவைப்பையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளவில்லை, விடியற்காலையில் கல்லடிப் பழைய பாலத்தில் கால்வாசி தூரம் நடந்து திரும்பினார். நல்ல நாளிலும் கால்வாசிதான். கஷ்டமான விஷயமே அதுதான், நல்ல நாளில் முழுப் பாலமும் நடந்துவிட்டு வந்து படுப்பார்கள். மறுநாள் அடி விழாதவர்களுக்கு மாறாக, மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சி நல்லது.

தூக்கத்துக்கும் நோவுக்கும் சேர்த்து, இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. மாதிரிச் சிறிய அளவு கொடுப்பார்கள். "இது மனநோய்க் குளிசையாமே" என்று பெரியம்மா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுருக்கினார். மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு. இந்த அளவு நரம்பு நோவைத் தணித்து ஆழ்ந்து தூங்க வைக்கத்தான். காலையில் வாய் காயும், எழும்பும்போது தலை சுற்றலாம், அதனால் மாலையிலேயே நேரத்துக்குப் போடச் சொல்வோம். உண்மையாகவே மனம் சோர்ந்திருந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும், அதைச் சொல்வதால் உடம்பு நோ கற்பனை என்று ஆகிவிடாது.

நாட்டு வைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். எண்ணெய் பூசி உருவிவிடுவது தசை நோவுக்கு இதமாக இருக்கிறது, செய்யுங்கள். வாயால் எடுக்கும் பஸ்பம், செந்தூரம் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேண்டாம். இரசமும் ஈயமும் உள்ளவை ஈரலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும், பிறகு களைப்புக்கு இன்னொரு காரணம் தேட வேண்டியதில்லை.

இதை வாசிக்கும் படுவான்கரைக்காரர், மாடு வைத்திருப்பவர் யாராவது "எங்களுக்கும் உண்ணி கடிக்கிறதே" என்று பயந்திருக்கக் கூடும். எங்கள் மாட்டிலும் நாயிலும் இருப்பது வேறு உண்ணி, லைமைப் பரப்பும் இனம் இலங்கையில் இல்லை. வெளிநாடே போகாத ஒருவர் லைம் இரத்தப் பரிசோதனை செய்து "பொசிட்டிவ்" என்று வந்தால் நம்பாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமியும் பொரேலியாவும் ஒரே வமிசம், வயலில் இறங்கி ஒருமுறை எலிக்காய்ச்சல் வந்தவரின் இரத்தம் லைம் பரிசோதனையைக் குழப்பிவிடும். உண்மையாக லைம் வந்தவருக்கோ குணமான பின்னும் அந்தப் பரிசோதனை வருடக்கணக்கில் பொசிட்டிவாகவே நிற்கும், கிருமி இருக்கிறதா என்று அறிய அது உதவாது. இங்கே உண்ணியாலும் செள்ளாலும் வருவது ரிக்கெட்சியாக் காய்ச்சல்கள். காய்ச்சல், தலையிடி, உடம்பில் தடிப்பு, சிலருக்கு கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு. அதற்கும் டொக்சிசைக்கிளின்தான், இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விழுந்துவிடும். அதை விட்டுவிட்டு லைம் தேடிக்கொண்டிருந்தால் ஆளுக்கே ஆபத்து.

உண்ணி ஏறியிருந்தால் மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். தோலோடு ஒட்ட, முடி பிடுங்கும் சிறு குறடால் பிடித்து நேராக இழுங்கள். காதுக்குள் போயிருந்தால் கையே வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

கடைசியாக, டொக்சிசைக்கிளின் எழுதித் தந்திருந்தால் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணித்தியாலமாவது படுக்காதீர்கள், தொண்டைக்குழாயில் நின்று புண்ணாக்கிவிடும். இரும்புக் குளிசை, கல்சியம், வயிற்றெரிச்சல் மருந்து, எங்கள் ஊர்ச் சட்டித் தயிர் எல்லாம் இரண்டு மணித்தியாலம் தள்ளி. வெயிலில் தோல் கருகும், குடை பிடியுங்கள். கர்ப்பிணி என்றால் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெளிநாட்டில் லைமுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் இங்கே கிளினிக்குக்குப் போகும்போது எந்த மருந்து, எத்தனை நாள், எந்த மாதத்தில் என்று எழுதிய தாளைக் கையில் கொண்டு போங்கள். இங்கே பல டொக்டர்மார் லைமைப் படிப்பில் மட்டும் கண்டவர்கள், அந்தத் தாள் இருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள்.