பனையோலைக் கோடு பாதியில் வறண்டுபோவது ஏன்?

வணக்கம். நீர்வண்ணத்தில் பனையோலையின் கீற்றை ஒரே இழுப்பில் தீட்டும்போது கோடு பாதியிலேயே வறண்டு சொரசொரப்பாகிவிடுகிறது என்றும், அதைத் திரும்பத் தொட்டுச் சரிசெய்தால் காலிஃபிளவர் போலத் திட்டு விழுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இதற்குக் காரணம் கைநடுக்கமன்று. தூரிகையிலுள்ள நீரின் அளவும் பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலும்தான்.

8ஆம் எண் உருண்டைத் தூரிகையை நீர்வண்ணக் கரைசலில் நன்கு நனைத்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒரே ஒரு முறை வழித்துவிட்டு, நுனியை மெல்லத் தாளில் வைத்து, தூரிகை முடியின் பருத்த வயிற்றுப்பகுதி படியும்வரை அழுத்தி, பின்பு இழுத்துக்கொண்டே தூக்கினால், நடுவில் பருத்து முனையில் கூர்ந்த கீற்று வந்துவிடும். விரலை அசைக்காமல் தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். ஒரு தாள் முழுக்க இதை மட்டுமே செய்து பாருங்கள்.

திட்டு விழுவது வேறு கதை. பாதி காய்ந்த வண்ணத்தில் ஈரம் மிகுந்த தூரிகை பட்டால், புதிய நீர் பரவி நிறமித் துகள்களைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. ஆகவே தாளின் ஈரப் பளபளப்பு மறையத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டு, முழுதும் காய்ந்த பின்னரே மேலே தீட்டுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். (குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்றுக்காற்றை நம்பி அமர்ந்த எனக்கு, வானத்தைத் தீட்டி முடிக்குமுன்னே தாள் காய்ந்துபோனது.) பள்ளி ஓவிய நோட்டின் மெல்லிய தாள் நனைந்தால் நெளியும், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாளை நறுக்கி இருபுறமும் பயன்படுத்தலாம்.

வறண்ட கோட்டை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். பனையின் கருத்த, சொரசொரப்பான அடிமரத்திற்கு அதுவே பொருந்தும்.