ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: வீட்டில் மாற்றலாம், மெஷினுக்கு மட்டும் விடாதீர்கள்

கேள்வி: 2011 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்கை ஒரு கார் கன்சல்டிங்கில் வாங்கினேன். மீட்டர் 78,000 கி.மீ. காட்டுகிறது. சிக்னலில் நின்று கிளம்பி அடுத்த கியருக்கு மாறும்போது லேசாக ஒரு வெட்டு தெரிகிறது. சர்வீஸில் கேட்டால் ‘கியர் ஆயில் லைஃப்டைம் சார், தொடாதீங்க’ என்கிறார்கள். வெளியே ஒரு கடையில் ‘மெஷின் வைத்து ஃப்ளஷ் பண்ணித் தருகிறோம், பதினாலாயிரம்’ என்கிறார்கள். எஞ்சின் ஆயிலை நானே மாற்றிப் பழக்கம். இதையும் வீட்டில் செய்யலாமா? பழைய ஆயிலை எடுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்கள் வண்டி 2008 கடைசியிலிருந்து 2013 வரை விற்ற தலைமுறை. டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் பாகம்) உள்ள 5 ஸ்பீடு கியர் பெட்டி. கீழே வடிக்க ஒரு போல்ட், மேலே அளவு பார்க்க ஒரு டிப் ஸ்டிக், இரண்டும் இருக்கின்றன. இன்றைக்கு வரும் பல வண்டிகளில் அந்த டிப் ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரன் தன் வண்டியில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் லிஃப்ட்டும் கம்ப்யூட்டரும் வேண்டும் என்ற நிலை. உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப் என்று அவர்களிடமே கேளுங்கள். வாரண்டி முடிகிறவரை என்றால் சரிதான். சூட்டில் கிடந்து உழைக்கிற எந்த ஆயிலும் கெடும். நம் ஊர் வெயிலில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற வண்டியில் இன்னும் சீக்கிரம் கெடும். உங்கள் மாடலுக்குக் கம்பெனி தந்த மெயின்டனன்ஸ் அட்டவணையிலேயே கியர் ஆயில் மாற்றும் வரி இருக்கிறது. அதை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் படித்ததில்லை, அவ்வளவுதான். ஏசி கிளீனிங், டெஃப்லான் கோட்டிங் என்று கேட்காததையெல்லாம் பில்லில் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி மட்டும் கண்ணில் படாது.

மீட்டரில் இருக்கும் 78,000-ஐயும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். சர்வீஸ் பில் கையில் இல்லாத வண்டியில் ஆயில் ஒருமுறைகூட மாறவில்லை என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

அடுத்து அந்தப் பயம். ‘ஆயில் மாத்தினான், ஒரே மாசத்துல கியர்பாக்ஸ் போச்சு’ என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் நடந்தது இதுதான்: பெட்டி ஏற்கெனவே நழுவிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது. டி-யில் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் இழுக்கும். அப்போதுதான் பதறிப்போய் ஆயிலை மாற்றினார்கள். சாகக் கிடக்கிறவருக்குக் கடைசி ஊசி போட்ட டாக்டர் மேல் பழி விழுகிற மாதிரி, பழி புது ஆயில் மேல் விழுந்தது. உங்கள் வண்டியில் இந்த நழுவல் இருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். லேசான வெட்டு மட்டும்தான் என்றால், டிப் ஸ்டிக்கை எடுத்து வெள்ளை டிஷ்யூ பேப்பரில் துடைத்துப் பாருங்கள். சிவப்போ பழுப்போ இருந்தால் கவலையில்லை. கருகருவென்று, தீய்ந்த வாடை அடித்தால் நல்ல கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மெஷினைப் பற்றி. கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாயில் மாட்டி, பம்ப் வைத்துப் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்றுவார்கள். கண்ணாடிக் குழாயில் கறுப்பு போய்ச் சிவப்பு வருவதைக் காட்டுவார்கள், பார்க்க ஜோராக இருக்கும். அடியில் படிந்து சும்மா கிடந்த பொடியைக் கிளப்பி வால்வ் பாடியின் (ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியரை மாற்றும் பாகம்) ஊசித் துவாரங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கிற அபாயத்தை யாரும் காட்ட மாட்டார்கள். இன்னொன்று: அந்த மெஷினின் குழாய்க்குள் முந்தைய வண்டியின் ஆயில் மிச்சம் இருக்கும். அது என்ன வண்டி, என்ன ஆயில்? கடைக்காரருக்கே தெரியாது. பதினாலாயிரம் கொடுத்து இந்த வம்பு வேண்டாம். கம்பெனி முறை, வடித்து நிரப்புவது மட்டும்தான்.

இப்போது ஆயில். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஹோண்டாவின் டிடபிள்யூ-1. ஹோண்டாவின் பழைய கியர் ஆயிலான இசட்-1-க்குப் பதிலாக வந்தது இது, அதனால் இசட்-1 இருந்த பெட்டியில் ஊற்றலாம். ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதுதான் சார்’ என்று சிவப்பு கேனை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். சிவப்பு வெறும் சாயம். அதைப் பார்த்து ஆயிலின் தரம் தெரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் தன் சிட்டியில் இதே ஆயிலை ஊற்றுவார். சிட்டி என்ற பெயரில் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. 2014-ல் வந்த அடுத்த தலைமுறையிலிருந்து பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாத பெட்டி. உங்களுக்கு முந்தைய சிட்டி இசட்எக்ஸ் ஆட்டோமேட்டிக்கும் சிவிடிதான். நடுவில் வந்த உங்கள் தலைமுறை மட்டும் 5 ஸ்பீடு கியர் பெட்டி. சிவிடியில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட் ஓடுகிறது. அது வழுக்காமல் பிடிக்கிற மாதிரி தயாரித்த ஆயில் அதற்கு வேண்டும். 2014 மாடலுக்கு அது ஹெச்சிஎஃப்-2. அதில் டிடபிள்யூ-1 ஊற்றினால் பெல்ட் வழுக்கி, புல்லியில் கீறல் விழுந்து, பெட்டியே போகும். உங்கள் வண்டியில் ஹெச்சிஎஃப்-2 ஊற்றுவதும் அதே அளவு தப்பு. கடைப் பையனிடம் ‘சிட்டி ஆட்டோமேட்டிக் ஆயில்’ என்று கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பான். ஆண்டையும் ஆயிலின் பெயரையும் எழுதிக் கொண்டுபோங்கள், கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரில் பில்லோடு வாங்குங்கள், மூடி சீலைப் பாருங்கள். ஒரு தடவை மாற்ற மூன்று லிட்டரும் வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் ஒன்றும் போதும்.

வேலைக்கு வருவோம். முதலில் மேலே டிப் ஸ்டிக் சுலபமாக வருகிறதா, அந்தத் துளைக்குள் நீளப் புனல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஊற்ற வழி உறுதியான பிறகுதான் வடிக்க வேண்டும். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ரேம்ப் அல்லது நல்ல ஸ்டாண்ட் வையுங்கள்.

அடியில் போனால் இரண்டு போல்ட் தெரியும். எஞ்சின் ஆயில் போல்ட்டுக்கு 17 நம்பர் ஸ்பானர் போடும் அறுகோணத் தலை. கியர் ஆயில் போல்ட்டின் தலையில் 3/8 இன்ச் சதுரக் குழி. ராட்செட்டின் முனையே அதில் நேராக உட்காரும், சாக்கெட் வேண்டாம். இதைக் குழப்பிக்கொண்டு, எஞ்சின் ஆயில் மாற்றுவதாக நினைத்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் இன்னொரு பங்கு ஆயிலை ஊற்றி வைக்கிற ஆட்கள் கடைகளிலேயே இருக்கிறார்கள். வண்டி சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு வேண்டாம், கை வெந்துவிடும்.

போல்ட் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிடலாம். விரலில் குத்துகிற இரும்புச் சில்லு கிடைத்தால் விஷயம் வேறு, மெக்கானிக்கிடம் போங்கள். புது வாஷர் போட்டு முடுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 49 நியூட்டன் மீட்டர். இல்லாவிட்டால் பலம் காட்டாதீர்கள், அலுமினிய உடம்பில் மரை போய்விடும்.

வடிந்ததை அளவு போட்ட பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். சுமார் இரண்டரை லிட்டர் வரும். எவ்வளவு வந்ததோ அவ்வளவே திரும்ப ஊற்றுங்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறவரை எஞ்சினைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, 60 முதல் 90 நொடிக்குள் டிப் ஸ்டிக் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பார்ப்பது வேறு கம்பெனி வண்டிகளின் வழக்கம், இதற்கு ஒத்து வராது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் போதும். கூடுதலாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கியர் தடுமாறும்.

ஒரு தடவையில் முழு ஆயிலும் மாறாது, பாதிக்கு மேல் கன்வெர்ட்டரிலும் உள்ளேயும் தங்கிவிடும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி, அப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது முடிந்ததும் உள்ளே இருப்பதில் நூற்றுக்கு எண்பது பங்கு புதிதாக இருக்கும். மெதுவாக மாறுவது உங்கள் பழைய பெட்டிக்கும் நல்லது.

அதற்குப் பிறகும் வெட்டு போகவில்லை என்றால் எஞ்சின் மவுண்ட்டை, அதாவது எஞ்சினைத் தாங்கும் ரப்பரைப் பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி ஆர்-க்கும் டி-க்கும் மாற்றும்போது ‘டொக்’ என்று எஞ்சினே குதித்தால் ரப்பர் போயிருக்கிறது, கியர்பாக்ஸ் மேல் குற்றமில்லை. மவுண்ட்டைப் பார்க்காமலே ‘பெட்டியை இறக்கணும்’ என்று சொல்கிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அபாயகரக் கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு என்று விதியும் வந்துவிட்டது. இரண்டரை லிட்டர் கேனோடு நிற்கிற வீட்டுக்காரர் எந்தக் கதவைத் தட்டுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இப்போதைக்கு, கழிவு ஆயிலை டிரம்மில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கேட்டுவிட்டு அங்கே ஊற்றிவிடுங்கள்.