கேளுங்கண்ணே கேளுங்க: கேங்ஸ்டா ராப்பும் அதுக்கு விழுந்த திட்டும்

கேள்வி (திருமங்கலம் வாசகர்): அண்ணே, என் தம்பி ஹெட்செட்டை மாட்டுனா பூரா கேங்ஸ்டா ராப்தான். துப்பாக்கி, கெட்ட வார்த்தை, போலீஸைத் திட்டுறது. இதைப் போய் காவியம் ரேஞ்சுக்கு பேசுறானுங்களே, அப்படி என்னண்ணே இருக்கு அதுல?

பதில்: தம்பி போன்ல என்.டபிள்யூ.ஏ. குரூப்போட 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' கண்டிப்பா இருக்கும், 1988ல வந்த ஆல்பம். காம்ப்டன் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டுன ஊரு, வேலை வெட்டி இல்லாம, கிராக் போதை உள்ள புகுந்து, ஏரியாவுக்கு ஒரு கேங்குன்னு கெடந்த நேரம், அதையே சாக்கா வச்சு போலீஸ் கறுப்பினப் பசங்களைக் கண்ட இடத்துல நிறுத்தி குப்புறப் படுக்கப் போட்டு சோதனை பண்ணிட்டு இருந்துச்சு. அந்த ஆல்பத்துல போலீஸைத் திட்டுற பாட்டு ஒண்ணு இருக்கு, கெட்ட வார்த்தைய விட்டுட்டு கேட்டுப் பாருங்க, முழுக்க ஒரு கோர்ட் சீன். குரூப்புல இருந்த டாக்டர் ட்ரேதான் ஜட்ஜு, கூடப் பாடுற ஐஸ் க்யூப், ரென், ஈசி-ஈ மூணு பேரும் ஒவ்வொருத்தரா ஏறி சாட்சி சொல்றாங்க, கடைசில குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கி கத்திக்கிட்டே போறது போலீஸ்காரரு. நெசத்துல கூண்டுல நிக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும், அதான் பாட்டுல ஆளை மாத்திப் போட்டானுங்க, செம குசும்பு.

1989ல அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யோட அதிகாரி ஒருத்தர் இந்தப் பாட்டுக்காக ரெக்கார்டு கம்பெனிக்கு கண்டனம் தெரிவிச்சு லெட்டரே போட்டாரு. ரேடியோக்காரங்க தொடாத ஆல்பத்துக்கு அதைவிட விளம்பரம் வேணுமா? 1991ல ரோட்னி கிங்குங்கிற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் போட்டு அடிச்ச வீடியோ வெளிய வந்துச்சு, அடுத்த வருசம் அந்த போலீஸ்காரங்களை கோர்ட்டு விட்டுருச்சு, லாஸ் ஏஞ்சல்ஸ் பத்தி எரிஞ்சு 50 பேருக்கு மேல செத்தாங்க. அந்தப் பசங்க முன்னாடியே கத்துனது இதைத்தான்.

நம்ம பக்கம் சந்தையிலயும் ரயில்லயும் கொலைச்சிந்துன்னு நடந்த கொலையைப் பாட்டாக் கட்டிப் பாடி புஸ்தகம் வித்தாங்கள்ல, ஊரே நின்னு கேட்டுச்சு. ஆனா அதுல பாடுறவரு தள்ளி நின்னு 'ஐயோ பாவம்'னு கதை சொல்லுவாரு. இவனுங்க 'நான்தான் சுட்டேன்'னு பாடுறானுங்க. அந்த 'நான்'தான் நம்மளச் சுருக்குன்னு குத்துது, பாடுறது கேரக்டரா ஆளான்னு பிரிக்க முடியல.

கேள்வி (உசிலம்பட்டி வாசகி): அப்ப எதிர்த்தவங்க எல்லாம் கூமுட்டைகளா?

பதில்: அட இல்லக்கா. டெலோரஸ் டக்கர்னு ஒரு அம்மா, மார்ட்டின் லூதர் கிங்கோட ஊர்வலம் போனவங்க, கறுப்பினப் பெண், அவங்கதான் 1993ல இருந்து இந்தப் பாட்டுகளை விடாம எதிர்த்தது. ஷேரு வாங்கிட்டுப் போய் டைம் வார்னர் கம்பெனி மீட்டிங்லயே ஏறிக் கேட்டாங்க, 1995ல அந்தக் கம்பெனி இந்த மாதிரி ராப் ஆல்பம் போடுற இன்டர்ஸ்கோப் ரெக்கார்டு கம்பெனில இருந்த பங்கை வித்துட்டு ஒதுங்கிருச்சு. பாட்டையே நிறுத்தணும்ங்கிறது எனக்கு ஒப்பல, ஆனா பொம்பளைங்களப் பத்தி இந்த ஆல்பங்கள்ல வர்ற வார்த்தைக்கு ரசிகர்கள்ட்ட இன்னிக்கு வரைக்கும் உருப்படியான பதில் கிடையாது. 'தெரு பாஷை'ன்னு மழுப்புவானுங்க. டாக்டர் ட்ரே 1991ல டீ பார்ன்ஸ்ங்கிற பெண் பத்திரிகையாளரை அடிச்சாரே, அது எந்த பாஷை? பொதுவுல மன்னிப்புன்னு வாயத் திறந்தது 2015ல.

எனக்குப் புடிச்ச ஆளு பெல் ஹூக்ஸ், கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர். பெண்ணை மட்டமா பேசுறது தப்புதான், ஆனா அந்தப் புத்தி அந்தப் பசங்க தெருவுல மட்டும் முளைச்சதா, மொத்த சமூகமும் ஊட்டி வளர்த்தது, அதை வித்து காசு பாக்குறவனை ஏன் யாரும் கேக்க மாட்டேங்கிறீங்கன்னு 1994லயே வச்சு வாங்குனாங்க.

கேள்வி (செல்லூர் வாசகர்): மதுரைல இருந்து ஒரு கேங்ஸ்டா ராப் வந்தா கேப்பீங்களா?

பதில்: சினிமாக்காரங்க நம்மள அருவாளோட அலையவிட்டது பத்தாதாப்பே! காம்ப்டன் பேரை காம்ப்டன் பசங்களே பாடுனாங்க, நம்ம பேரை கோடம்பாக்கத்துல ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறாங்க. உங்க ஏரியா தறிக்காரர் மகன் எவனாச்சும் எழுதிப் பாடுனா மொத ஆளா கேப்பேன், கெட்ட வார்த்தை இருந்தாலும் பரவால்ல. அக்கா தங்கச்சிய இழுத்தான்னா ஆஃப் பண்ணிருவேன்.