பண்ருட்டியில் நின்ற ரயில்: டாக்ஸிச் செலவைக் கேட்கலாமா?

கேள்வி: 68 வயது அம்மாவுக்குச் சென்னையில் கண் அறுவை சிகிச்சை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் ஏசி பெட்டியில் ஏறினோம். பண்ருட்டியில் நின்ற ரயில் மூன்று மணி நேரமாகியும் கிளம்பவில்லை. காரணம் சொல்லவும் ஆளில்லை. 4,500 ரூபாய்க்கு டாக்ஸி பிடித்துப் போயும் நேரம் தவறிவிட்டது. சிகிச்சை பத்து நாள் தள்ளிப்போனது. கட்டணத்தை ஏற்றுகிறார்கள், முதியோர் சலுகையும் இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: சேர்த்துப் போடாதீர்கள் அம்மா. உங்கள் கையில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. மற்றதை அதோடு கலந்தால் அதுவும் பலவீனமாகிவிடும்.

முதலில் கட்டணம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 30 கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2025 ஜூலையில் ஏசி வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசா, டிசம்பரில் மறுபடி 2 பைசா ஏற்றினார்கள். கடலூரிலிருந்து சென்னை சுமார் 200 கி.மீ.; ஆளுக்கு எட்டு ரூபாய் கூடியிருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை அதைவிடப் பெரிய இழப்பு. 58 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பாதிக் கட்டணம் இருந்ததே! ஆனால் அதைத் திரும்பக் கேட்ட மனுவை, அரசின் கொள்கை முடிவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்துவிட்டது. இதை உங்கள் எம்.பி.யிடம்தான் கேட்க வேண்டும்; கட்டாயம் கேளுங்கள்.

இனி தாமதம். இதில் சட்டம் உங்கள் பக்கம். 2016-இல் ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாகப் போன ரயிலால் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணி, டாக்ஸியில் ஸ்ரீநகர் போனார். நேரத்துக்கு ஓட்ட உத்தரவாதமில்லை என்று விதியே இருக்கிறது என ரயில்வே வாதிட்டது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்றது. டாக்ஸிக்காக மட்டும் 15,000 ரூபாய் அவருக்குக் கிடைத்தது. உங்கள் கதைக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

வழக்கைக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரே போதும். (திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறும் பாகூர்க்காரர்கள் புதுச்சேரி ஆணையத்துக்குப் போகலாம்.) சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குப் பதியக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எதிர்த்தரப்பாகத் தெற்கு ரயில்வே பொது மேலாளரையும் திருச்சி கோட்ட மேலாளரையும் சேருங்கள். டாக்ஸிப் பணம், சிகிச்சை தள்ளிப்போனதால் ஆன கூடுதல் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். பண்ருட்டிக்கு மேல் பயணம் செய்யாத தூரத்துக்கான டிக்கெட் பணத்தை மட்டும் இதில் கேட்காதீர்கள். கட்டணத்தைத் திருப்பித் தரும் விவகாரம் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்கு உரியது. அதைச் சேர்த்தால் 'இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை' என்று ரயில்வே வக்கீல் முதல் வாய்தாவிலேயே எழுந்து நிற்பார்.

அதற்கு முன் ஒரு வேலை. பத்து ரூபாய் கட்டணத்தில் திருச்சி கோட்டத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அன்று அந்த ரயில் பண்ருட்டிக்கு எப்போது வந்தது, எப்போது கிளம்பியது, ஏன் நின்றது என்ற மூன்றே கேள்வி. அந்தப் பதில்தான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. டிக்கெட், டாக்ஸிக்குப் பணம் அனுப்பிய பதிவு, மருத்துவமனை தேதி மாற்றிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அன்றே ரயில்வே உதவி எண் 139-க்குப் புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண்ணையும் எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை நீங்கள் ஏறும் நிலையத்துக்கே ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால், ஏறாமல், அது கிளம்புவதற்குள் ஆன்லைனில் டி.டி.ஆர். (டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். கவுன்டர் டிக்கெட் என்றால் அங்கேயே ஒப்படைக்க வேண்டும்.

சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். தகவல் மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.