அசலும் வட்டியும்

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் பிடித்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடியை அசல் மாதிரியே செய்ய ஆசை. நண்பரிடம் ரெசினில் வார்த்த பிரதி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து அச்சு எடுத்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: பெயர் வேண்டாம் என்றதும் புரிந்துவிட்டது, நண்பருக்குத் தெரியாமல்தான் எடுக்கப்போகிறீர்கள்.

அது இருக்கட்டும். ‘அசல்’ என்கிறீர்களே, எந்த அசல்? 1977இல் வந்த அந்தப் படத்துக்காக அரங்கப் பொருள்களைச் சேர்த்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டன் கேமரா கடையொன்றில் பொறுக்கிய கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடிதான் உங்கள் வாள். உள்ளே மூன்று பேட்டரி. ஒருமுறை பளிச்சிட்டதும் தூக்கிப்போடும் பல்பு. அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் சாமான். அலமாரிக் கதவு ஓடும் தடத்தின் கறுப்புப் பட்டையை நறுக்கி அதில் ஒட்டினார்கள். கால்குலேட்டரில் எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப்பட்டையை நடுவளையத்தில் செருகினார்கள். பெல்ட்டில் தொங்கவிட அடியில் ஒரு வளையம். வாள் தயார்.

லூக்கின் குரு ஓபி-வான் கெனோபியின் வாள் கதை இன்னும் விசேஷம். ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் இன்ஜினின் குழாய்த்துண்டு, துப்பாக்கியில் பொருத்தி எறியும் குண்டு, இயந்திரத் துப்பாக்கியின் முனை, இவற்றுக்கெல்லாம் அடியில் ஆர்மிட்டேஜ் ஷாங்க்ஸ் குழாய்த் திருகு. ஆம், கழிப்பறைப் பீங்கான் செய்கிற அதே கம்பெனி. அண்டசராசரத்தைக் காத்த முனிவர் வாளை வலப்பக்கம் திருகினால் போர் நிற்கும், இடப்பக்கம் திருகினால் வாளி நிறையும். இதற்குத்தான் உலகமெங்கும் அரை மில்லிமீட்டர் கூடிற்றா குறைந்ததா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பழைய கேமரா பிரியர்கள் வேறு, வாள் பைத்தியங்கள் எங்கள் ஃபிளாஷை எல்லாம் வாங்கி ஓட்டை போடுகிறார்கள் என்று ஓயாமல் அழுகிறார்கள். அழுகை நியாயம்தான். ஆனால் போடுவதற்கு பல்பு எளிதில் கிடைக்காத ஃபிளாஷை வைத்துக்கொண்டு அவர்கள் மட்டும் என்ன படமா எடுக்கிறார்கள்?

தமிழில் அசலுக்கு இன்னொரு பொருள் உண்டு: கடனில் முதல். வெளியே விட்ட அசல் வட்டியோடு வளரும். அச்சில் விட்டால் தேயும். அச்சுக்கு ஊற்றும் சிலிக்கோன் ரப்பரில், டின் (வெள்ளீயம்) கலந்த இறுக்கியால் இறுகும் வகை காய்கையில் சற்றே சுருங்கும். அதில் வார்க்கும் பாலியூரித்தேன் ரெசின் தன் பங்குக்குச் சுருங்கும். இரண்டும் சேர்ந்து நூறு மில்லிமீட்டருக்கு ஒன்று போகலாம். நண்பரிடம் இருப்பதே பிரதியின் பிரதி என்றால் உங்களுடையது மூன்றாம் தலைமுறை. அசல் வளையத்தை வாங்கி மாட்டினால் லொடலொடக்கும். அளவுகோல் வைத்தாலே திருட்டுப் பிரதி அகப்படுவது இப்படித்தான். ஆகவே, எடுக்காதீர்கள். அளவுகளைப் பார்த்து அலுமினியக் குழாயில் நீங்களே ஒரு மூலம் செய்யுங்கள்.

அதற்கு அச்சு எடுக்கும்போது பிளாட்டினம் வகை சிலிக்கோன் வேண்டாம். கந்தகம் கலந்த களிமண்ணோ லேடெக்ஸ் கையுறையோ பட்டால் அது கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும். டின் வகையில் பெரும்பாலும் ரப்பர் பத்துக்கு இறுக்கி ஒன்று என்று எடை போட்டுக் கலக்க வேண்டும், கண்மதிப்பு கூடாது. ஒரே மூலையில், உயரத்திலிருந்து, நூல்போல ஊற்றினால் குமிழிகள் வழியிலேயே உடையும். அச்சை இரண்டு பாதியாக எடுக்கும்போது, முதல் பாதி காய்ந்தபின் ஒட்டாமல் தடுக்கும் பிரிப்பான் பூசாமல் இரண்டாம் பாதியை ஊற்றாதீர்கள். சிலிக்கோன் பெரும்பாலும் வேறெதிலும் ஒட்டாது, தன்னோடு நன்றாக ஒட்டும். இரண்டு பாதியும் ஒரே கொழுக்கட்டையாகிவிடும். ரெசின் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, வார்க்கும்போது இட்லி மாவாகப் பொங்கும். மழை நாளில் தொடவே தொடாதீர்கள். ஆவிக்கு வடிகட்டியுள்ள முகமூடி. துணி முகமூடி உதவாது.

உலோகப் பளபளப்புக்குக் குரோம் பெயின்ட் அடித்து, ‘பாதுகாப்புக்கு’ மேலே வார்னிஷ் பூசுவார்கள். பூசிய நிமிடமே சாம்பல் நிறம். அதைவிட, அச்சின் உட்புறத்தில் அலுமினியப் பொடியைத் தூவி, ரெசினிலும் கலந்து வார்த்து, காய்ந்தபின் மெல்லிய எஃகுக் கம்பளியால் தேயுங்கள். கை வலிக்க வலிக்க உலோகம் வெளியே வரும்.

படத்தில் வந்த வாளே இது என்று ‘அசல் சான்றிதழ்’ கொடுத்து விற்கிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே திட்டியாகிவிட்டது; மறுபடியும் திட்டுகிறேன். சான்றிதழைப் போலி செய்வது வாளைப் போலி செய்வதைவிடச் சுலபம். படத்தை ஒரு ஃபிரேமில் நிறுத்தி, கீறலுக்குக் கீறல் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு பறவை. 1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் எல்லோரும் கொலைவெறியோடு தேடும் சிலையைக் கடைசியில் பேனாக்கத்தியால் சுரண்டினால் ஈயம், போலி! அந்த ஈயப் பறவையே 2013இல் நியூயார்க் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இப்போது அந்தப் போலிக்கு ரெசினில் போலி செய்கிறார்கள். தூக்கினால் தக்கை மாதிரி இருக்கிறது. நீங்கள் செய்தால் வயிற்றில் ஈயச் சன்னம் போட்டு அடைத்துவிடுங்கள். யாராவது சுரண்டினாலும் ஈயம் இருக்கும்.