8,500 ரேண்ட் கட்டினால் ஆஸ்பத்திரி வேலையா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய்க்கு மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்கிறான். சில வருடமாக நன்றாக இருக்கிறான். கிளினிக் வரிசையில் பழக்கமான ஒருவர், ‘பியர் சப்போர்ட் வொர்க்கர்’ கோர்ஸ் முடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் வேலை நிச்சயம் என்கிறார். 8,500 ரேண்ட் ஆகுமாம், பாதியை இந்த வாரமே கட்ட வேண்டுமாம். கட்டலாமா? வேலை கிடைத்தால் அவனுடைய சாஸ்ஸா கிராண்ட் (நோய்க்காக அரசு தரும் மாத உதவித்தொகை) நின்றுவிடுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. பாதியும் வேண்டாம், ‘பதிவுக் கட்டணம்’ என்று ஐந்நூறு கேட்டால் அதுவும் வேண்டாம்.

தம்பியின் ஆசை நல்ல ஆசை, அதைத் தடுக்காதீர்கள். நோயில் கிடந்து மீண்டவர், இப்போது கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் இந்த வேலை. “இந்த ஊசி போட்ட இரண்டு நாள் எனக்கும் கால் ஒரு இடத்தில் நிற்காது” என்று அவர் சொல்லும்போது நோயாளி நிமிர்ந்து பார்க்கிறார். டாக்டர் அதையே சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

ஆனால் இந்த நாட்டில் உளவியலாளர்களுக்கு எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு இருக்கிறது, சோஷியல் வொர்க்கர்களுக்குத் தனி கவுன்சில் இருக்கிறது, பியர் சப்போர்ட் வொர்க்கருக்கு அப்படி ஒரு பதிவு வகையே கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் வழக்கமான பணியிடமும் இல்லை. இல்லாத பணியிடத்துக்கு எந்தச் சான்றிதழ் உத்தரவாதம் கொடுக்கும்? தேசிய மனநலக் கொள்கை 2013-இல் ஒன்று வந்தது, 2023-இல் இன்னொன்று வந்தது. நோயாளிகளின் பங்கேற்பு பற்றி இரண்டிலும் அழகாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு சம்பளப் படி போடத்தான் யாருக்கும் கை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் வரிசை நண்பர் கடை விரித்திருக்கிறார்.

வேலை தேடுபவரிடம் வேலை வாங்கித் தருவதற்குக் காசு கேட்பதை 2014-ஆம் வருட வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடை செய்கிறது. ‘லேர்னர்ஷிப்’, அதாவது வேலையோடு சேர்ந்த பயிற்சி, என்று சொன்னாலும் ஏமாறாதீர்கள். உண்மையான லேர்னர்ஷிப்பில் முதலாளி, பயிற்சி நிறுவனம், கற்பவர் மூவரும் ஒப்பந்தம் போடுவார்கள். கற்பவருக்குத்தான் உதவித்தொகை வரும், அவர் கையிலிருந்து போகாது.

கோர்ஸ் நோட்டீஸின் அடியில் ‘என்.பி.ஓ. எண்’ போட்டிருக்கும், பாருங்கள். அது தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்ததற்கான எண். பயிற்சி கொடுக்கத் தகுதி உண்டு என்று அதற்கு அர்த்தமில்லை. சீட்டா (துறைவாரிப் பயிற்சி ஆணையம்) முத்திரையைக் கணினியில் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ‘சாக்வா ஐடி என்ன?’ என்று கேளுங்கள், அது தேசியத் தகுதி ஆணையம் ஒவ்வொரு படிப்புக்கும் கொடுக்கும் எண். எண் கொடுத்தால் சாக்வா இணையதளத்தில் போட்டு, புது மாணவர் சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். பழைய படிப்புகள் பலவற்றில் சேர்க்கை 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அதையே தூசி தட்டி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

தாளைப் பார்ப்பதில் இவ்வளவு பிடிவாதமா என்று நினைக்காதீர்கள். லைஃப் எசிதிமெனி என்ற மனநலப் பராமரிப்பு மையங்களிலிருந்து முறையான உரிமம் இல்லாத அமைப்புகளுக்கு மனநோயாளிகளை அள்ளிக்கொண்டு போய் இறக்கினார்களே, 144 பேர் இறந்தார்கள். அங்கேயும் சுவரில் ஏதோ ஒரு உரிமத் தாள் இருந்தது.

சரி, எங்கே கற்பது? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட குவாலிட்டிரைட்ஸ் பாடங்களில் தனிநபர் துணைக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று இருக்கின்றன. இரண்டும் இலவசம். மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சடாக் அமைப்பு ஆதரவுக் குழு நடத்த விரும்புபவர்களுக்கு வழிகாட்டுகிறது. டர்பன் அண்ட் கோஸ்டல் மென்டல் ஹெல்த்தில் தன்னார்வலராக இடம் உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். பாடத்தைவிட முக்கியம், வாரம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேச ஒரு மேற்பார்வையாளர் இருப்பது. அது இல்லாத இடத்துக்குத் தம்பியை அனுப்பாதீர்கள், அவனுக்கே மறுபடி நோய் ஏறிவிடும்.

நான் பயிற்சி கொடுக்கும்போது முதலில் சொந்தக் கதையை மூன்று நிமிடத்தில் சொல்லச் சொல்வேன். எல்லோரும் அரை மணி நேரம் போவார்கள். எதிரில் நோயாளி இருக்கிறார் என்பதே மறந்துவிடும். அடுத்து மாத்திரை. “நான் நிறுத்திவிட்டேன், நீங்களும் நிறுத்துங்கள்” என்பது கூடாது, “கண்டிப்பாகப் போடு” என்று மிரட்டுவதும் கூடாது. காவடி மாதத்தில் இது நன்றாகத் தெரியும். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடும் ஒருவர் விரதம் என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, இந்த ஊர் பிப்ரவரி வெயிலில் நடந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி உடம்புக்கே ஆபத்தாகலாம். வீட்டில் விரதம் ஆரம்பிப்பது சிஸ்டருக்குத் தெரியாது, துணையாக இருக்கும் நம் பியர் வொர்க்கருக்குத் தெரியும். அவர் விரதத்தைத் தடுக்க வேண்டியதில்லை. “ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், நானும் வரேன்” என்றால் போதும்.

தான் சிகிச்சை எடுக்கும் கிளினிக்கில் வேலை செய்யக்கூடாது என்பது பொது விதி. இதற்கு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குப் பயன்படலாம். பக்கத்தில் வேறு கிளினிக்கே இல்லை, இரண்டு டாக்ஸி மாறித்தான் போக வேண்டும் என்றால் அங்கேயே செய்யலாம். ஆனால் அவனுடைய ஃபைல் மற்ற நோயாளிகளின் ஃபைல்களோடு கிளினிக் தள்ளுவண்டியில் இருக்கக்கூடாது, பொறுப்பு சிஸ்டரின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அவனுக்கு ஊசி போடும் சிஸ்டரே அவனுக்கு மேற்பார்வையாளராக இருக்கக்கூடாது. ஊசி நாளில் அவன் வேலையாள் அல்ல, நோயாளி. பேட்ஜைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கட்டும். தேநீர் அறையில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு வராது என்று மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம், அவன் சேரும் அமைப்பில் ‘உன் கதையை ஒரு வீடியோ எடுத்துக்கொள்கிறோம்’ என்று கேட்பார்கள். நன்கொடை திரட்டத்தான். ஒரு தடவை வாட்ஸ்அப்பில் ஏறினால் இறங்காது. முதல் வருடம் முழுக்க வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கிராண்ட் விஷயம்: வருமானம் சாஸ்ஸாவின் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தன்னார்வலருக்குக் கிடைக்கும் பஸ் காசு அளவுத் தொகையால் அது நின்றுவிடாது. ஆனால் மறைக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். அவனுடையது தற்காலிக கிராண்ட் என்றால் மறுபரிசோதனையில் டாக்டர், “வேலை செய்கிறாயே, உனக்கு என்ன குறை?” என்று கேட்கக்கூடும். பலமாகத்தான் கேட்பார்கள். எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று அமைப்பிடமிருந்து கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? வங்கி ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தம்பியின் ஐடி நகலைக் கொடுத்திருந்தால், அவன் பெயரில் யாரும் கடன் வாங்கிவிடாதபடி தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். சாஸ்ஸா கார்டையும் ‘சரிபார்க்க’ வாங்கியிருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள்.